தொட முடியாத நிலம்: பழைய வீடியோ கேம்களின் பின்னணி ஓவியம்

சூப்பர் மரியோ விளையாடிய எவரிடமும் காளான் எந்தப் பெட்டியில் இருக்கும், எந்தக் குழாய் கீழே இறங்கும் என்று கேட்டால் உடனே பதில் வரும். அதே ஆளிடம் மரியோவுக்குப் பின்னால் எத்தனை மலைகள் இருந்தன, மேகங்கள் எந்த ஒழுங்கில் வந்தன என்று கேட்டால் தயங்குவார். ஆனால் மலையும் மேகமும் நீக்கப்பட்ட வெறும் நீலத் திரையை அவரிடம் காட்டினால், ஏதோ குறைகிறது என்று முதல் பார்வையிலேயே சொல்லிவிடுவார். கவனிக்கப்படாமலே மனத்தில் தங்கிவிடும் அந்தப் பகுதிதான் பின்னணி ஓவியம். அது எப்படி உருவாக்கப்பட்டது, பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் ஏன் கவர்கிறது என்பதை, கணினித் தொழில்நுட்பம் அறியாதவரும் புரிந்துகொள்ளும் வகையில் சொல்ல முயல்கிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். விளையாட்டுத் திரையில் தெரிபவற்றைத் தோராயமாக இரண்டாகப் பிரிக்கலாம். விளையாடுபவர் மிதிக்கும் தரை, மோதும் சுவர், எடுக்கும் நாணயம், அடிக்க வரும் எதிரி ஆகிய எல்லாம் முன்னணி. இவற்றுக்குப் பின்னால் தெரியும் மலை, வானம், நகரம், காடு ஆகியவை பின்னணி. நிரலைப் பொறுத்தவரை பின்னணியில் உள்ள எதுவும் உண்மையில் அங்கே இல்லை. நாடக மேடையின் படுதா போன்றது அது. தர்பார் மண்டபம் வரைந்த துணிக்கு முன்னால் ராஜபார்ட் நடிகர் வந்து நிற்கும்போது, அந்தத் தூண்களில் யாரும் சாய முடியாது என்று தெரிந்தும் அது அரண்மனைதான் என்று ஏற்றுக்கொள்கிறோம். அந்த ஏற்பை வரவழைப்பதே பின்னணி ஓவியரின் வேலை.

தொடக்கத்தில் இந்தப் படுதா கணினிக்கு வெளியே இருந்தது. 1978-இல் டைட்டோ நிறுவனத்துக்காகத் தொமோஹிரோ நிஷிகாதோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டின் நின்று ஆடும் பெட்டியில், நிலவின் தரையும் வானமும் வண்ண ஓவியமாகத் தீட்டி உள்ளே வைக்கப்பட்டிருந்தன. திரையில் தோன்றும் கறுப்பு வெள்ளை உருவங்களை ஒரு பாதிக் கண்ணாடி பிரதிபலித்து, அந்த ஓவியத்தின் மேல் மிதப்பதுபோல் காட்டியது. திரையின் சில பகுதிகளில் வண்ணத் தாள் ஒட்டியதால் உருவங்களுக்கும் நிறம் கிடைத்தது. கணினியால் வரைய முடியாததைத் தச்சரும் ஓவியரும் சேர்ந்து வரைந்த காலம் அது. விளையாட்டு நிகழ ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம், இடத்தை வரையும் திறன் கருவிக்கு வருமுன்பே வந்துவிட்டது என்பதை இந்தப் பெட்டி காட்டுகிறது.

அந்தத் திறன் வந்தபோதும் அது மிகக் குறுகிய அளவில்தான் வந்தது. 1983-இல் ஜப்பானில் வெளியான நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவியை எடுத்துக்கொள்வோம். தொண்ணூறுகளில் நம் வீடுகளில் ‘டிவி கேம்’ என்ற பெயரில் ஓடிய கருவிகளில் பெரும்பாலானவை இதன் நகல்களே. அதில் செருகிய கார்ட்ரிட்ஜை நாம் கேசட் என்று அழைத்தோம். இதன் திரை அகலத்தில் 256 புள்ளிகளும் உயரத்தில் 240 புள்ளிகளும் கொண்டது, அதாவது மொத்தம் 61,440 புள்ளிகள். இத்தனை புள்ளிகளையும் தனித்தனியாக நினைவில் வைக்க அந்தக் கருவியில் இடம் இல்லை. ஆகவே பொறியாளர்கள் தரைக்கு ஓடு பதிக்கும் முறையைக் கையாண்டார்கள். எட்டுப் புள்ளி அகலமும் எட்டுப் புள்ளி உயரமும் கொண்ட சிறு சதுரம் ஓர் ஓடு. பின்னணிக்கு ஒரு நேரத்தில் 256 வகை ஓடுகள் கிடைக்கும். திரையை நிரப்ப வரிசைக்கு 32 வீதம் 30 வரிசைகள், அதாவது 960 ஓடுகள் வேண்டும். எந்த இடத்தில் எந்த எண்ணுள்ள ஓடு வர வேண்டும் என்ற பட்டியலை மட்டும் கருவி வைத்துக்கொள்ளும்.

இந்தக் கணக்கிலேயே ஓவியரின் சிக்கல் அடங்கியிருக்கிறது. நிரப்ப வேண்டிய இடங்கள் 960, கையில் உள்ள ஓடுகள் 256. அவற்றிலும் மதிப்பெண் காட்டும் எழுத்துகளுக்கும் எண்களுக்கும் ஒரு பங்கு போய்விடும். ஆகவே ஒரே ஓட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியே ஆக வேண்டும். 1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட் அளவுதான், அதில் படங்களுக்கு ஒதுக்கப்பட்டது 8 கிலோபைட். அந்த விளையாட்டில் வானத்து மேகமும் தரையோரப் புதரும் ஒரே வடிவம், வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். இது பலரும் அறிந்த செய்தி. அதிகம் பேசப்படாத இன்னொன்று உண்டு. மலைகளும் மேகங்களும் எந்த ஒழுங்கில் வர வேண்டும் என்ற குறிப்பு இரண்டு ஓடு அகலமுள்ள 48 நெடுவரிசைகளுக்கு, அதாவது மூன்று திரை அகலத்துக்கு மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. அது முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். மேகங்கள் மட்டும் உள்ள காட்சி, மலையும் புதரும் கொண்ட காட்சி, மரமும் வேலியும் கொண்ட காட்சி என்று மூன்று வகைக்கும் சேர்த்து இந்தக் குறிப்பு 144 பைட்டுக்குள் முடிந்துவிடுகிறது. இந்தப் பத்தியின் முதல் இரண்டு வாக்கியங்களைக் கணினியில் சேமிக்கவே அதைவிட அதிக இடம் வேண்டும்.

இப்படித் திரும்ப வருவது குறையாகத் தோன்ற வேண்டும், ஆனால் தோன்றுவதில்லை. புடவைக் கரையில் மாங்காய் உருவம் முழம் முழமாகத் திரும்ப வருவதை நாம் சலிப்பு என்று சொல்வதில்லை. பெரிய மலை, சிறு புதர், மூன்று மேகம், சிறிய மலை என்று ஓடும்போது கடந்துபோகும் அந்த வரிசை ஒரு தாளக்கட்டாக மாறி, ஓட்டத்துக்கு வேக உணர்வைக் கொடுக்கிறது. வெறும் நீலத்தின் முன் ஓடினால் மரியோ நின்ற இடத்திலேயே காலை ஆட்டுவதுபோல் இருக்கும்.

நிறத்திலும் இதே நெருக்கடிதான். ஃபேமிகாமின் பின்னணிக்கு நான்கு வண்ணத் தொகுதிகள் உண்டு. ஒரு தொகுதியில் நான்கு நிறங்கள், அவற்றில் ஒன்று எல்லாத் தொகுதிகளுக்கும் பொதுவானது. போதாக்குறைக்கு, பதினாறு புள்ளிச் சதுரம் ஒன்றுக்குள் ஒரே தொகுதியைத்தான் பயன்படுத்த முடியும். இந்த விதியோடு மல்லுக்கட்டாமல் அதையே துணையாக்கிக்கொண்டவர்கள்தான் நல்ல ஓவியர்கள். பொதுவான அந்த ஒரு நிறத்தைக் கறுப்பாக வைத்துக்கொண்டால், நிழலை வரைய வேண்டியதே இல்லை. வெளிச்சம் படும் பகுதியை மட்டும் வரைந்தால் போதும். 1986-இல் கொனாமி வெளியிட்ட காசில்வேனியாவின் கோட்டைக்குள் நுழைந்தால், கிழிந்து தொங்கும் திரைச்சீலைகளும் சிதைந்த சுவர்களும் இருளிலிருந்து பாதி வெளிப்பட்டு நிற்கும். மீதிப் பாதியை யாரும் வரையவில்லை, பார்ப்பவர் தாமே நிரப்பிக்கொள்கிறார். பழைய பின்னணிகளின் கவர்ச்சியில் பெரும்பங்கு இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். எல்லாவற்றையும் காட்டும் வசதி இல்லாததால், எதைக் காட்டினால் மற்றவை தாமாகத் தெரியும் என்று அவர்கள் ஓயாமல் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

அடுத்தது ஆழம். பேருந்தின் சன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தால் சாலையோரப் புளியமரம் விருட்டென்று பின்னால் போகும், வயலுக்கு அப்பாலுள்ள தென்னந்தோப்பு மெல்ல நகரும், தொலைவிலுள்ள மலை நகர்வதே தெரியாது, நிலா நம்மோடு கூடவே வரும். தட்டையான திரையில் இந்த அனுபவத்தை உண்டாக்க, படத்தைப் பல அடுக்குகளாகப் பிரித்து ஒவ்வோர் அடுக்கையும் வெவ்வேறு வேகத்தில் நகர்த்துவார்கள். பேரலாக்ஸ் நகர்வு என்று இதற்குப் பெயர். 1982-இல் ஐரெம் நிறுவனம் வெளியிட்ட மூன் பேட்ரோல் இதை முழுமையாகக் கையாண்ட முன்னோடி விளையாட்டாகப் பெரும்பாலும் குறிப்பிடப்படுகிறது. நிலவின் தரையில் வண்டி ஓட, அதன் பின்னே குன்றுகள் ஒரு வேகத்திலும் அவற்றுக்கும் பின்னே உள்ள மலைத்தொடர் இன்னும் மெதுவாகவும் நகரும். இன்று பார்த்தால் அவை வெறும் கோட்டு வடிவங்கள்தாம். இருந்தும் அந்த வேக வேறுபாடு ஒன்றே அவற்றுக்குத் தூரத்தைக் கொடுத்துவிடுகிறது.

அடுக்குகளை அடுக்கிக்கொண்டே போனால் அழகு கூடிக்கொண்டே போகும் என்பதில்லை. 1989-இல் அமிகா கணினிக்கு வந்த ஷேடோ ஆஃப் தி பீஸ்ட் பன்னிரண்டு அடுக்குகள் வரை நகர்த்திக் காட்டி வியக்க வைத்தது. கணினிக் கடைகளில் பார்வைக்கு வைக்க அதைவிடப் பொருத்தமான விளையாட்டு இருந்திருக்காது. ஆனால் அதன் பின்னணியை நான் ரசித்த அளவுக்கு அதை விளையாடி ரசித்ததில்லை.

இந்தக் கலை தன் முழு வலிமையோடு வெளிப்பட்ட இடமாக நான் சொல்வது 1991-இல் சேகா வெளியிட்ட சோனிக் தி ஹெட்ஜ்ஹாக் விளையாட்டின் முதல் பகுதியான கிரீன் ஹில் ஸோன். ரியேகோ கோடாமா, ஜினா இஷிவதாரி ஆகியோர் அந்த விளையாட்டின் காட்சிகளுக்கு உருக்கொடுத்த ஓவியர்கள். அது ஓடிய மெகா டிரைவ் கருவிக்குத் தனித்தனியே நகர்த்தக்கூடிய படத் தளங்கள் இரண்டே. அவற்றில் ஒன்றைச் சோனிக் ஓடும் தரை எடுத்துக்கொண்டுவிடும். எஞ்சிய ஒரே தளத்தில்தான் மேகம், தொலைமலை, அருகிலுள்ள பசுங்குன்றுகள், அருவி, ஏரி நீர் என அத்தனையும் இருக்கின்றன. ஒரே தளம் என்றால் எல்லாம் ஒரே வேகத்தில்தானே நகர வேண்டும்? இங்கேதான் அந்தக் கருவியின் ஒரு வசதி கைகொடுத்தது. திரையின் ஒவ்வொரு கிடைக்கோட்டையும் தனித்தனியாக எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று சொல்ல அது இடம் கொடுத்தது. ஆகவே மலை உள்ள கோடுகளை மெதுவாகவும் குன்றுகள் உள்ள கோடுகளைச் சற்று வேகமாகவும் நகர்த்தினார்கள். நீர்ப்பரப்பில் இதை இன்னும் நுணுக்கமாகச் செய்தார்கள். அக்கரையை ஒட்டிய கோடு மெதுவாகவும், நம்மை நோக்கி வர வர ஒவ்வொரு கோடும் முந்தையதைவிடச் சற்று வேகமாகவும் நகர்கிறது. அதனால் தட்டையான ஒரு படம், கண் முன்னே மல்லாந்து படுத்து ஏரியாக விரிந்துவிடுகிறது.

அதே காட்சியில் நீர் மின்னுவதும் அருவி விழுவதும் வேறொரு உத்தி. கருவியின் நினைவில் ஒரு புள்ளி ‘நீலம்’ என்று எழுதப்பட்டிருப்பதில்லை, ‘ஐந்தாம் எண் நிறம்’ என்பதுபோல் எண்ணாகத்தான் இருக்கும். அந்த எண்ணுக்குரிய நிறத்தை மாற்றினால், அந்த எண் கொண்ட புள்ளிகள் எல்லாம் ஒரே கணத்தில் நிறம் மாறும். அடுத்தடுத்த நான்கு எண்களின் நிறங்களைச் சுழற்சியாக மாற்றிக்கொண்டே இருந்தால், ஒரு புள்ளியைக்கூட இடம் மாற்றாமல் நீர் ஓடுவதுபோல் தோன்றும். திருவிழாப் பந்தலில் சீரியல் விளக்குகள் ஓடுவது இப்படித்தான். பல்புகள் கட்டிய இடத்திலேயே இருக்க, வெளிச்சம் மட்டும் ஓடுகிறது.

இந்த உத்திகளை எல்லாம் கட்டிப்போடும் ஒரு பொறுப்பும் உண்டு. பின்னணி அழகாக இருக்கலாம், ஆனால் கண்ணைப் பறிக்கக் கூடாது. எங்கே குதிப்பது என்று விளையாடுபவருக்குக் கால் நொடியில் தெரிய வேண்டும். கிரீன் ஹில்லில் தரையின் பக்கவாட்டில் பழுப்பும் ஆரஞ்சுமாகச் சதுரங்கக் கட்டங்கள் அழுத்தமாக இருக்கின்றன. இயற்கையில் எந்த மண்ணும் இப்படி இருப்பதில்லை. ஆனால் அந்தக் கட்டங்கள்தாம் ‘இது மிதிக்கத் தக்க நிலம்’ என்று அறிவிக்கின்றன. அதற்கு எதிராகப் பின்னால் இருப்பவை நீலமும் பச்சையுமாகக் குளிர்ந்து ஒதுங்கி நிற்கின்றன. தொலைவில் உள்ளவை வெளிறியும் நீலம் பூத்தும் தெரியும் என்பது நிலக்காட்சி ஓவியர்கள் நெடுங்காலமாக அறிந்த செய்திதான். விளையாட்டு ஓவியர் அதை அழகுக்காக மட்டுமல்லாமல், விளையாடுபவர் தடுக்கி விழாமல் இருப்பதற்காகவும் பயன்படுத்துகிறார்.

பின்னணியில் மனிதர்கள் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு, அதே 1991-இல் கேப்காம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 நல்ல எடுத்துக்காட்டு. இரண்டு பேர் அடித்துக்கொள்ளும் விளையாட்டில் நிலக்காட்சிக்கு என்ன வேலை என்று தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு வீரரின் களமும் ஓர் ஊராகவே வரையப்பட்டிருக்கிறது. சுன் லியின் சீனக் கடைத்தெருவில் சண்டையைப் பொருட்படுத்தாமல் மிதிவண்டிக்காரர்கள் கடந்து போகிறார்கள், கென்னின் துறைமுகத்தில் படகில் நிற்பவர்கள் கையசைத்துக் கத்துகிறார்கள், சாகட்டின் தாய்லாந்துக் களத்தில் புத்தர் சிலையாகச் சாய்ந்து படுத்திருக்கிறார். இந்த மனிதர்கள் ஒவ்வொருவரும் சில படங்களையே மாற்றி மாற்றிக் காட்டும் பொம்மைகள். ஆனாலும் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற உணர்வு வந்ததும் சண்டை ஊரறிந்த நிகழ்ச்சியாகிவிடுகிறது. தரையும் கிரீன் ஹில்லின் ஏரியைப் போலவே கோடு கோடாக நகர்வதால், வீரர்கள் நிற்கும் இடத்துக்கு உண்மையான பரப்பு கிடைக்கிறது. இந்திய வீரரான தால்சிமின் களத்தில் அரண்மனைக் கூடம் ஒன்றில் யானைகள் இரு பக்கமும் நின்று துதிக்கையை உயர்த்திப் பிளிறும். நம் ஊரிலிருந்து அதைப் பார்ப்பவருக்குச் சற்றுச் சிரிப்பு வருவது இயல்பு. சுற்றுலா அஞ்சலட்டை அளவுக்குத்தான் அதில் இந்தியா இருக்கிறது. மற்ற நாடுகளும் அந்த அளவுக்குத்தான் இருந்தன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு களம் கண்ணில் பட்ட கணமே நாடு புரிய வேண்டும் என்ற அவசரம் இந்தக் கேலிச்சித்திரத் தன்மைக்கு ஒரு காரணம்.

ஓடும் விளையாட்டுகளிலிருந்து நின்று பார்க்கும் விளையாட்டுகளுக்கு வந்தால் பின்னணியே முதன்மை பெற்றுவிடும். லூகாஸ் நிறுவனத்தின் விளையாட்டுப் பிரிவு 1990-இல் வெளியிட்ட தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட் அத்தகையது. கதைநாயகன் ஓரிடத்தில் நிற்பான், விளையாடுபவர் காட்சியைத் துழாவிப் பொருள்களைத் தேடுவார். அன்றைய கணினிகளில் பொதுவாகக் கிடைத்தவை மாற்ற முடியாத பதினாறு நிறங்கள். அவற்றில் பல கண்ணைக் குத்தும் பளீர் நிறங்கள். பின்னணிகளை வரைந்த மார்க் ஃபெராரி, இரண்டு நிறங்களின் புள்ளிகளை மாற்றி மாற்றி நெருக்கமாக வைத்து இல்லாத மூன்றாவது நிறத்தைத் தோற்றுவித்தார். செய்தித்தாள் படத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் தெரியும் புள்ளிக் கலவை போன்றது இது. இந்த முறைக்குத் தொடக்கத்தில் தடை இருந்தது என்பதை அவர் தம் உரை ஒன்றில் சொல்லியிருக்கிறார். ஒரே நிறம் நீளமாகப் படர்ந்திருந்தால்தான் படத்தைச் சுருக்கி வட்டில் அடக்குவது எளிது, புள்ளிக் கலவை அந்தக் கணக்கைக் குலைத்துவிடும். நிரலாளர்கள் சுருக்கும் முறையைச் சீராக்கிய பிறகே வழி பிறந்தது. விளைவாகக் கிடைத்ததுதான் மெலே தீவின் இரவு. விளையாட்டின் முதற்பகுதி முழுவதும் அந்த இரவிலேயே நடக்கிறது. கறுநீலத்திலிருந்து நீலத்துக்கு மெல்ல வெளுக்கும் வானமும், தொலைவில் துறைமுக ஊரின் விளக்கொளியும் பதினாறு நிறங்களில் வரையப்பட்டவை என்று நம்புவது கடினம்.

இந்தப் புள்ளிக் கலவையின் முழுப்பயன் அன்றைய தொலைக்காட்சிப் பெட்டியில்தான் தெரிந்தது. குழல் வகைத் தொலைக்காட்சியும் அதற்குச் செல்லும் கலப்பு வீடியோக் கம்பியும் அருகருகே உள்ள புள்ளிகளைச் சற்றுக் கலங்கச் செய்யும். இந்தக் குறையை ஓவியர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டே வரைந்தார்கள். சோனிக் விளையாட்டில் முன்னே விழும் அருவி, செங்குத்துக் கோடுகள் ஒன்றுவிட்டு ஒன்றாக வரையப்பட்டது. பழைய தொலைக்காட்சியில் அந்தக் கோடுகள் குழைந்து, ஊடே பார்க்கக்கூடிய நீராகத் தெரியும். இன்றைய துல்லியமான திரையில் அது சன்னல் கம்பி போல் தெரிகிறது. பழைய விளையாட்டை இன்று முதன்முறையாகப் பார்ப்பவர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் முப்பரிமாண உருவங்கள் வந்தபோது பின்னணி வேறு பாதையில் சென்றது. 1996-இன் ரெசிடெண்ட் ஈவில், 1997-இன் ஃபைனல் ஃபேண்டசி 7 ஆகியவற்றில் முன்கூட்டியே தயாரித்த அசையாப் படங்களின் மேல் முப்பரிமாண மனிதர்கள் நடந்தார்கள். விவரம் மிகுந்தது. முன்னணிக்கும் பின்னணிக்கும் இடையிலான எல்லை மங்கத் தொடங்கியதும் அப்போதுதான்.

அந்த எல்லையை வைத்தே விளையாடிய ஒரு விளையாட்டு அதற்கு முன்பே, 1988-இல், நின்டெண்டோவிடமிருந்து வந்திருந்தது. சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3 தொடங்கும்போது சிவப்புத் திரை ஒன்று மேலேறுகிறது. உள்ளே தெரியும் வண்ணப் பலகைகள் திருகாணி போட்டு இறுக்கப்பட்டவை. அவற்றின் நிழல் வானத்தின் மேலேயே விழுகிறது, அதாவது அந்த வானம் வெறும் படுதா. எல்லாமே ஒரு மேடை நாடகம்தான் என்ற ரசிகர்களின் ஊகத்தை, அதை உருவாக்கிய ஷிகெரு மியாமோத்தோ பல ஆண்டுகள் கழித்து ஆமோதித்தார். முதல் உலகின் மூன்றாம் கட்டத்தில் வெள்ளை நிறப் பலகை ஒன்று உண்டு. அதன் மேல் ஏறி நின்று, கீழ் அம்பை அழுத்தி மரியோவைக் குந்த வைத்துச் சில நொடிகள் காத்திருந்தால், அவன் பலகையினூடே நழுவிப் படுதாவுக்குப் பின்னால் விழுந்துவிடுவான். அதன்பின் சற்று நேரம் புதர்களுக்கும் பலகைகளுக்கும் பின்புறமாக அவன் ஓடலாம். அப்படியே கட்டத்தின் முடிவைத் தாண்டி ஓடினால், மற்றவர் கண்ணில் படாத அறை ஒன்றில் ஒரு மாய ஊதல் அவனுக்காகக் காத்திருக்கும்.